இரண்டு மணிக்கு விழுந்த குச்சி

ரங்கூனில் பகல் இரண்டு மணிக்கு ஒருத்தனும் கொட்டாவி விடுவதில்லை. சீனன் மீன் வெட்டுகிறான், பர்மியப் பெண் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு விலை பேசுகிறாள், வெள்ளைக்காரன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடக்கிறான். வந்த மூன்று வருஷமும் எனக்கு மட்டும் அந்த நேரத்தில் இமை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை.

நம் ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்திப் பேட்டையில் நான் தராசு பிடித்த காலத்தில், உச்சி சாய்ந்ததும் எடை நின்றுவிடும். காலையெல்லாம் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டிய தரகரும், பருத்தி விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரியும் அதே மூட்டைகளின் மேல் பக்கம் பக்கமாகப் படுத்து மூன்று மணிவரை குறட்டை விடுவார்கள். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். நடுவில் எழுப்பி விலை கேட்கிறவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு டிராம் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டேன். வேறு வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார், "நெலையான உத்தியோகம்னு காயிதம் வரட்டும், பொறவு பொண்ண அனுப்புதேன்" என்று சொல்லி, நான் தாலி கட்டிய செல்லம்மாளைத் தம் வீட்டிலேயே நிறுத்திவைத்திருந்தார். வேலைக்கான சோதனை பகல் இரண்டு மணிக்கு. நல்ல காரியத்துக்கு வெறும் வயிற்றோடு போகக்கூடாதென்று, எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் வத்திராயிருப்பு மாடசாமி அண்ணாச்சி பருப்பும் நெய்யும் பாயசமுமாகக் கல்யாணச் சாப்பாடே போட்டுவிட்டார். நானும் மறுக்கவில்லை.

டிராம் கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டர் துரை ஒரு குச்சியை உயரப் பிடித்து, தாம் விட்டதும் பிடிக்கச் சொன்னார். மூன்று தடவையும் குச்சி தரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகே என் விரல்கள் மூடின. கண் பார்த்ததைக் கைக்குச் சொல்ல அந்த நேரத்தில் ஒரு யுகம் ஆகிறது. "குடித்திருக்கிறாயா?" என்றார் ஹிந்துஸ்தானியில். "ஆமாம் துரை, பாயசம்" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நான் பதறிப்போய், காலையில் வருகிறேன், காலையில் என்னைவிடச் சுறுசுறுப்பான ஆள் ரங்கூனிலேயே கிடையாது என்று கெஞ்சினேன்.

"டிராம் இரண்டு மணிக்கும் ஓடும். தண்டவாளத்தில் குழந்தை வந்தால் அதையும் காலையில் வரச் சொல்வாயா?" என்றார்.

அடுத்த வாரம் அதே நேரம், கடைசி வாய்ப்பு என்று அனுப்பிவிட்டார். மனுஷன் சொன்னது நியாயம். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் முதல் பகல் சோற்றைத் தொடவில்லை. பதினோரு மணிக்குக் கஞ்சி, இரண்டு மணிக்கு முகத்தில் தண்ணீர். அண்ணாச்சியை அகப்பையைக் கீழே போடச் சொல்லிப் பிடித்துப் பழகினேன்.

"ஏலே, பாயசம் ஊத்துன பாவத்துக்கு எம்புட்டு நாளைக்குலே தண்டனை? செத்த நேரம் உறங்க விடு" என்று புலம்பிக்கொண்டே போட்டார். ஒருநாள் நின்றபடியே அவர் தூங்கிவிட, அகப்பை தானாக விழுந்தது. பிடித்துவிட்டேன். சோதனை நாளில் துரையின் குச்சியையும் பிடித்தேன்.

ஆறு மாதம் வண்டி ஓட்டியதும் வேலை நிரந்தரமானது. அந்தக் காகிதத்தோடு கப்பலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். மாமனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க மாப்ளே" என்றார். சந்தோஷத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பகல் சாப்பாடு முடிந்ததும் வீடே உறங்கிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நான் மட்டும் பாயில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். டிராமில் மணியடிக்கும் கட்டையை மிதிப்பதுபோல் என் வலது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது. சத்தத்தில் செல்லம்மாள் விழித்துக்கொண்டாள். என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க ஊர்ல இந்நேரம் யாரும் உறங்க மாட்டாகளோ?" என்று கேட்டாள்.

அங்கிருந்து ஏழு மைலில் இருக்கும் ராஜபாளையத்தில் பிறந்தவன் நான். அந்த ஊரும் அந்நேரம் அயர்ந்து உறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"மாட்டாக" என்றேன்.