கதவுக்குள் கிடந்த மூன்றாவது துண்டு

டயகமவில் ஒரு கோயில் வாசலில்தான் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓடும் எங்கள் காரின் இடப்பக்கப் பின்கதவு திறக்க மறுத்தது. உள்ளே மணப்பெண். வெளியே மேளம், குடைகள், ஆலாத்தித் தட்டு, தூறல். என் கணவர் இறங்கி வெளிக் கைப்பிடியைத் திருப்பினார். அது தொளதொளவென்று சுற்றியதே தவிர, கதவு அசையவில்லை. உள் கைப்பிடியும் அப்படியே. கடைசியில் அந்தப் பெண் பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கையில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கம், சேற்றில் இறங்கினாள். அவள் சிரித்தாளாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரிக்கவில்லை.

ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார் அது. கறுப்பு உடம்பு, வெள்ளிபோல் மின்னும் கைப்பிடிகள். கல்யாண வீட்டார் தேடி வருவதே அந்த அழகுக்காகத்தான். எஞ்சினை அவர் கண்போல் பார்த்துக்கொள்வார். கதவுகளை யாரும் நினைத்ததேயில்லை.

கொழும்பில் பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். அந்தக் காருக்குப் பூட்டு கிடைக்காது என்றார்கள். கதவுத் தகட்டை வெட்டித்தான் திறக்க வேண்டும் என்றார் தெரிந்த கராஜ்காரர்.

"வெட்ட வேணாங்க. நான் ஒருக்கா பாக்குறேன்" என்றேன்.

"நீ தையல் மெஷின் பாக்குறவ. இது காரு."

"ரெண்டும் இரும்புதானே."

நான் கார்மென்ட் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். எங்கள் தளத்தில் ஸ்குரு டிரைவரோடு நடக்கும் ஒரே பெண். அது அவருக்கும் தெரியும். சாவியைத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பூட்டைக் கழற்றும் திருகுகள் கதவின் விளிம்பில் இருந்தன. கதவு திறந்தால்தான் அவற்றைத் தொட முடியும். ஆகவே உள்பக்கமாகத்தான் போக வேண்டும். கண்ணாடி ஏற்றும் பிடியையும் உள் கைப்பிடியையும் கழற்றி, உள்பலகையை நெம்பினேன். மலைக்குளிரின் ஈரத்தில் அது நனைந்த பிஸ்கட் மாதிரி பிய்ந்து வந்தது. பின்னால் இருந்த ஓட்டைக்குள் என் கணவர் கையை விட்டுப் பார்த்தார்; மணிக்கட்டோடு நின்றுவிட்டது. என் கை முழங்கை வரை போனது.

கதவின் அடியில் ஒடிந்த ஸ்பிரிங் துண்டுகள் இரண்டு கிடந்தன. வெள்ளைத் துணியில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். நடுவில் இடைவெளி.

"ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு, அதான் வெவகாரம். விடு" என்றார்.

"இன்னொரு துண்டு இருக்குங்க."

கார்மென்டில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷினில் யாரும் தைக்கக் கூடாது. ஏதோ ஒரு நாட்டில் அந்தச் சட்டையைப் போடும் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாது. அந்தப் பழக்கம் என் கையில் ஊறியிருந்தது. பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் கதவுக்குள் நுழைத்து டார்ச் அடித்தேன். பூட்டின் பற்களுக்கிடையே, மெழுகாக இறுகிப்போன கிரீஸுக்குள், மூன்றாவது துண்டு செருகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் சொட்டவிட்டுக் காத்திருந்து, நூல் கோர்க்கும் மெல்லிய இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வந்தது. விரலால் பூட்டின் நாக்கைத் தள்ளினேன். கதவு தானாகவே திறந்து, பனிக்காற்று என் முகத்தில் அடித்தது.

வெளியே நின்ற அவர் குனிந்து கதவுக்குள் பார்த்தார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

அப்புறம்தான் உண்மையான வேலை. டவுனில் இரும்புக்கடைக்கார நானாவிடம் ஒடிந்த துண்டைக் காட்டி, அதே கனத்தில் ஸ்பிரிங் கம்பி கேட்டேன். "என்னத்துக்கு தங்கச்சி, மெஷினுக்கா?" என்றார். "காருக்கு" என்றபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பெரிய ஆணியில் கம்பியைச் சுற்றினேன். முதலாவது தொய்ந்துவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. கைப்பிடியின் சதுரத் தண்டு தேய்ந்து ஆடியது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றி அதை இறுக்கினேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றக் கதவுகளையும் பிரித்துக் கழுவித் திரும்பப் பொருத்தினேன். சாவித் துவாரத்துக்கு எண்ணெய் விடவில்லை. எண்ணெய் தூசியைப் பிடிக்கும். பென்சில் கரியைப் பொடியாக்கி ஊதினேன். இரண்டு கையாலும் திருகிய சாவி இப்போது வெண்ணெயில் திரும்புவதுபோல் திரும்பியது.

முன்பெல்லாம் ஓங்கி அறைந்தால்தான் அந்தக் கதவுகள் மூடும். அவர் இரண்டு விரலால் தள்ளினார். டொக். திறந்தார், மறுபடி தள்ளினார். டொக். சோறு ஆறிப்போகும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

போன மாதம் உடப்புசல்லாவையிலிருந்து ஒருவர் தன் பழைய காரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"பூட்டு வேல செய்ற பாஸ் இருக்காருங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த மேஸ்திரியை அப்படித்தான் சொல்வார்கள்.

"பாஸ் உள்ள ரொட்டி சுடுறாங்க. இருங்க, கூப்பிடுறேன்" என்றார் என் கணவர்.

அடுப்பை அணைத்து, மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். "வெளிப் பிடி சுத்துதா, இல்ல இறுகிருச்சா?" என்று கேட்டபடியே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.