கரைசலில் இருந்த இரும்பு

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகப் பத்திரிகையிலிருந்து மெயில் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அதில் எழுதியிருந்தது தப்போ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு வினையூக்கி செய்திருந்தேன். கம்பிவலைமேல் படிய வைத்த நிக்கல் ஹைட்ராக்சைடு. நாளாக ஆக அது இன்னும் நன்றாக வேலை செய்தது. நான் அதைப் படிய வைத்த விதம்தான் காரணம் என்று கட்டுரையில் அடித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறதென்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஓட்டுவதற்கு முன் ஒரு அளவு, நிறுத்திய பின் ஒரு அளவு, அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வகத்துக்கு அப்போதுதான் லேசர் கருவி வந்திருந்தது. மின்சாரம் பாயும்போதே வினையூக்கியைப் பார்க்கலாம். நிக்கல் உருமாறும் நொடியில் திரையில் இரண்டு முகடுகள் எழும்பும். முதல் நாள் எதிர்பார்த்தபடி எழும்பின. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அதிக வோல்ட் கேட்டன. மூன்றாம் நாள் அதற்கும் மேல். வலை அதேதான், அது மூழ்கியிருந்த கரைசலும் அதேதான். வெளியிலிருந்து ஏதோ உள்ளே போய்க்கொண்டிருந்தது. துளி இரும்பு சேர்ந்தாலே நிக்கல் பல மடங்கு நன்றாக வேலை செய்யும். கரைசல் தயாரித்த காரத்தில் அது இருந்திருக்குமோ?

வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன்.

"சார், நல்லா ஓடறது என் நிக்கலால இல்லையோன்னு தோணுது. இரும்பு கலந்திருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏத்துக்கிட்ட பேப்பரும்மா. ரெண்டு நாள் பொறுத்து யோசிப்போம்."

அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியவள் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு மன்னார்புரம் வரை போய், ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். என் கணவர் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவர். சாப்பிடும்போது அவரிடம் புலம்பினேன்.

"சாம்பிள்ல சந்தேகம் வந்தா நாங்க மறுபடி ரத்தம் எடுப்போம். நீ ஏன் உக்காந்து யோசிச்சிட்டிருக்க?" என்றார்.

மறுநாளே கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடு தூளைப் போட்டுக் குலுக்கினேன். இரும்பை அது இழுத்துக்கொள்ளும். தெளிந்ததை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்தேன். கண்ணாடியிலிருந்துகூட இரும்பு கசியும். புது வலையை அதில் இறக்கி ஓட்டினேன். மூன்று நாள் பார்த்தேன். முகடுகள் மூன்று நாளும் அதே வோல்ட்டில்தான் எழும்பின. மின்னோட்டமும் முன்போல நாளுக்கு நாள் ஏறவில்லை. எதுவும் ஏறாத அந்தக் கோட்டைப் பார்த்தபடி எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

சாரைக் கூட்டி வந்து காட்டினேன். பழைய கோட்டையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்த்தார்.

"நம்ம பேரைப் போட்டுத் தப்பு அச்சாகக் கூடாதும்மா" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் மெயிலை அவரே தட்டச்சு செய்தார். அனுப்பும் முன் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

ஆய்வேடு கொடுக்க ஒரு வருஷம் தள்ளிப்போனது. இரும்பைப் பற்றிப் புதிதாக எழுதியது சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்தது. இப்போது எந்த அளவீடு நன்றாக வந்தாலும் எனக்கு நிம்மதியில்லை. கரைசலை மாற்றி இன்னொரு தடவை ஓட்டுகிறேன்.