தம்பிக்கு வைத்த கண்கள்

சுனாமியில் தம்பி போன பிறகு அவன் படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதிலும் கண்ணை மூடியிருந்தான். கண் திறந்த படம் இல்லாமல் மாலை போட மாட்டேன் என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். எங்கள் தீவில் ஜங்லிகாட் பகுதியிலிருந்த ஸ்டுடியோவுக்குப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கம்ப்யூட்டரில் படம் செய்கிறவருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். ஒல்லி, நெற்றி மறைக்கும் முடி. தம்பி முகத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"தீதி, ஆடாம இருங்க. இங்க பாருங்க," என்று என்னைப் படம் பிடித்தார். இங்கே இந்தி கலந்த பேச்சு; அக்கா என்றால் தீதி, அண்ணன் என்றால் பையா.

"என்னை எதுக்கு பையா?"

"கண்ணுக்கு. மெயின்லேண்ட்ல இருந்து வர்ற சிடில ரெடிமேட் கண்ணு நெறைய இருக்கு. வச்சா சினிமாக்காரன் மாதிரி ஆயிடுவான். கூடப்பொறந்தவங்க கண்ணுதான் ஒட்டும்."

"அப்புறம் அது அவனா?"

மௌஸ் மேல் இருந்த கை நின்றது. "மாலூம் நஹி, தீதி. எனக்குத் தெரியல. அம்மா சொல்லட்டும்."

அம்மா படத்தைப் பார்த்ததும் தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். பிறகு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் மாலை போடும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுகிறேன். உயிரோடு இருக்கிற என் கண்ணுக்கும் சேர்த்துத்தான் போடுகிறாள் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அந்த ஸ்டுடியோக்காரருக்கு அது தோன்றியிருக்குமா?