மூன்று பேர் வீட்டு ஜெபம்

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாமல் போனதற்கு முழுக் காரணம் என் வீட்டுக்காரர்தான். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிங்காநல்லூரில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பம்புசெட் கம்பெனியில் லேத் வேலை. டிசம்பர் வந்தால் திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குப் போவதுதான் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அந்த முறையும் நல்ல பிள்ளையாக முன்கூட்டியே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்திருந்தார். இருபத்திரண்டாம் தேதி பெட்டி கட்டும்போதுதான் நான் அதை வாங்கிப் பார்த்தேன். கோயமுத்தூரிலிருந்து திருநெல்வேலி என்று இருக்க வேண்டிய இடத்தில் திருநெல்வேலியிலிருந்து கோயமுத்தூர் என்று இருந்தது. திரும்பி வருகிற டிக்கெட்டும் அதே லட்சணத்தில் தலைகீழாக இருந்தது. மனுஷன் படிவத்தில் ஊர்களை மாற்றி எழுதியிருக்கிறார்.

"ரண்டு ஊர் பேரும் சரியாத்தான இருக்குது" என்று டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வேறு ரயிலில் இடமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம், ஆனால் எங்கள் ஐந்து வயது மகள் உட்கார்ந்து போனாலே மூன்று இடத்தில் வாந்தி எடுப்பாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அன்றோடு அவரிடம் பேசுவதையும் நிறுத்தினேன். "உங்கப்பாவைக் குளிக்கச் சொல்", "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று எல்லாம் மகள் மூலமாகவே போனது. அவளுக்கு அது பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. வாசலில் பார்க்கும்போதெல்லாம் வீட்டுச் சொந்தக்கார அம்மா வேறு, "ஏனுங்க அம்மணி, ஊருக்குப் போகலீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்திலேயே தனியாக உட்கார்ந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு முடித்தேன்.

இருபத்துநாலாம் தேதி தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போய், "அம்மா" என்றதுமே அழுதுவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் அழ விட்டுவிட்டு, "சரிளா, கண்ணத் தொடை. நாளைக்கு வீட்டு ஜெபத்த மட்டும் விட்டுறாத. ஜெபம் பண்ணாம பலகாரத்துல கை வைக்கக் கூடாது. ஒன் வீட்டுக்காரரப் பண்ணச் சொல்லு" என்றாள்.

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பதே அந்த ஜெபம்தான். ஆராதனை முடிந்து வந்ததும் முப்பது முப்பத்திரண்டு பேரும் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் பாய் விரித்து உட்காருவோம். அப்பா முழங்காலில் நின்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். மூத்தவர்களில் ஆரம்பித்து, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வெளியூரில் இருப்பவர்கள், அவரவர் பரீட்சை, அவரவர் வியாதி என்று போகும். மருமகன்களை மட்டும் தனித்தனியாகச் சொல்ல மாட்டார். "மருமக்கமார் அனைவரையும்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஆண்டவர் கையில் கொடுத்துவிடுவார். கறிக்குழம்பு வாசனை வந்துகொண்டே இருக்க, அந்த இருபது நிமிஷமும் சின்னப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரைக் கேட்டால்தான் எனக்கு ஒரு வருடம் முடிந்த மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்து, ஹாஸ்டலில் வளர்ந்தவர். அங்கே ஜெபம் என்றால் நூறு பையன்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒப்பிப்பது. அதனால் தனியாக வாய்விட்டு ஜெபம் பண்ணி அவருக்குப் பழக்கமே இல்லை. எங்கள் ஊரிலும் மற்ற மருமகன்களோடு கதவோரமாகச் சுவரில் சாய்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் ஐந்து மணி ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். பலகாரத் தட்டை மேஜையில் வைத்துத் துணியால் மூடினேன். பாயை விரித்து, பைபிளை எடுத்து வைத்துவிட்டு மகளிடம், "உங்கப்பாவை ஜெபம் பண்ணச் சொல்" என்றேன்.

"அப்பா, நீங்க ஜெபம் பண்ணோணுமாம்."

"எனக்கு அதெல்லாம் வராது கண்ணு. உங்கம்மாளையே பண்ணச் சொல்லு."

நான் பண்ணியிருக்கலாம். எனக்கு நன்றாகவே வரும். ஆனால் இந்த ஆள் இதிலாவது கொஞ்சம் திணறட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அதில் பக்தி கொஞ்சம்தான், பழிவாங்கல்தான் அதிகம். "ஜெபம் பண்ணாமல் பலகாரம் கிடையாது என்று சொல்" என்றேன். மகள் அதை அப்பாவிடம் சொல்லாமல் மூடியிருந்த தட்டையே பார்த்தாள். பிறகு, "பசிக்குதுப்பா" என்றாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியாது. மெதுவாக முழங்காலில் நின்றார்.

இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நெற்றியில் வேர்த்திருந்தது. பாவமாக இருந்தது, சரி நாமே பண்ணிவிடலாம் என்று நான் வாயெடுக்கும்போது ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரமுங்க. இன்னிக்கி மாமனார் ஊட்ல அல்லாரும் ஒண்ணா ஒக்காந்திருப்பாங்க. அவிகளையெல்லாம் நல்லா வெச்சிருங்க. மாமனுக்குச் சக்கரை இருக்குதுங்க, மாத்திரைய ஒழுங்கா முழுங்கோணும். அத்தைக்கு முட்டி வலி. பம்பாய்ல இருக்கற மச்சானுக்கு இந்த வருசமும் லீவு கெடைக்கலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்டை வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா சொல்லும் அதே வரிசையில், ஒருவரைக்கூட விடாமல், பெரியக்கா, சின்னக்கா, அவர்கள் பிள்ளைகள், பத்தாவது எழுதப் போகிறவன், இன்னும் பேச்சு வராத குட்டிப்பயல் என்று சொல்லிக்கொண்டே போனார். அத்தனை வருடமும் கதவோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவர் தூங்கவே இல்லை.

அப்பா மூட்டை கட்டும் இடம் வந்தது. இவர் அப்படிக் கட்டவில்லை. "பெரிய சகலை குடிய உட்டு எட்டு மாசம் ஆச்சுங்க. அது அப்பிடியே நிக்கோணும். சின்னச் சகலைக்கு வேலை நெரந்தரமாகோணுங்க. ஊட்ல சொல்லாம வெசனப்பட்டுட்டு இருக்கறாரு." இது எதுவும் எனக்கே தெரியாது. கதவோரத்தில் அவர்கள் மூன்று பேரும் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

"டிக்கெட்ட மாத்தி எழுதிப்போட்டது நாந்தானுங்க. இவ மூணு நாளா பேச மாட்டேங்கறா. அவ மேல தப்பில்லீங்க. இவளையும் புள்ளையையும் பாத்துக்கோங்க. அவ்வளவுதானுங்க."

எல்லோரையும் சொல்லிவிட்டார். தன்னைச் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதாகவும் தெரியவில்லை. தன் பெயரும் அந்தப் பட்டியலில் வர வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் அப்பா ஒரு வருடமும் அதைச் சொன்னதில்லை. இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் இந்த மனுஷனுக்காக, இவர் ஒருவருக்காக, யாரும் வாய்விட்டு ஜெபித்ததில்லை.

அவர் ஆமென் சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவேன். கல்யாணத்தன்று போதகர் சொல்லித்தர ஒரே ஒரு தடவை சொன்னேன், அதையும் பாதி விழுங்கினேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரை முழுதாகச் சொன்னேன். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதென்று இனிஷியலையும் சேர்த்தே சொன்னேன். இவரைக் காத்துக்கொள்ளும் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

மகள்தான் ஆமென் சொன்னாள். "அம்மா அப்பா பேரைச் சொல்லிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்த் தட்டின் துணியை எடுத்தாள். அவர் இன்னும் முழங்காலில்தான் நின்றிருந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.