சதுரத்தின் மேல் விழுந்த முத்திரை

என் வெளிவாரிப் பட்டப்படிப்பு முடிய ஒரே ஒரு பாடத்துக்கான கிரெடிட் குறைந்தது. அதை வகுப்புக்குப் போய்ப் பெறலாம். அதற்கு இன்னும் ஒரு வருடம் சனி, ஞாயிறுகளில் வட்டவளையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏற வேண்டும். அல்லது பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் இணையவழிப் பாடம் ஒன்றைப் படித்து, அந்தக் கிரெடிட்டைப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாரம் முழுவதும் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்தும், ஐம்பதை நெருங்கும் ஆசிரியைக்கு எது உகந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் சிக்னல் கிடையாது. ரயில் நிலைய பெஞ்சில் உண்டு. அங்கே குடையை விரித்துக்கொண்டு, சிறுவர் கற்றலில் சூழலின் பங்கு பற்றிப் படித்தேன். கற்பதற்கு அமைதியான, ஈரமில்லாத இடம் அவசியம் என்று பேராசிரியர் சொன்னபோது பதுளை ரயிலின் இரைச்சல் வந்து மிச்சத்தை மூடிவிட்டது. காதில் விழுந்த வரைக்கும் குறித்துக்கொண்டேன்.

பரீட்சையில் சித்தியடைந்தேன். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. வந்த கோப்பை அப்படியே அனுப்பினால் போதும் என்பது பல்கலைக்கழகத்தின் அறிவுறுத்தல். அதைக் கவனமாக வாசித்தேன். வாசித்து முடித்து, அட்டனுக்குப் போய் அதை அச்செடுத்து, ஆவணங்களுக்கு முத்திரை குத்தி உறுதிப்படுத்தும் எங்கள் தோட்டத்துச் சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன்.

இதை வெளியாருக்கு விளக்குவது கடினம். எங்கள் பெற்றோர் பிரஜாவுரிமைக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக வரிசையில் நின்றவர்கள். முத்திரை விழாத தாளை எங்கள் வீடுகளில் யாரும் பெட்டிக்குள் வைப்பதில்லை.

நீதவான், ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சான்றிதழை ஆராய்ந்தார்.

"சீல் குத்த எங்கயும் எடமே வைக்கல்லையே டீச்சர். இந்த மூலையில மட்டும் கட்டங்கட்டமா ஏதோ மை தெறிச்ச மாதிரி இருக்கு."

"அது டிசைனா இருக்கும் ஐயா."

"அப்ப அதுமேலயே குத்திருவோம். அசிங்கமும் மறையும்."

நீல முத்திரை கச்சிதமாக விழுந்தது. எனக்கும் திருப்தியாக இருந்தது. ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

மறு வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"மிஸ், உங்க சர்டிபிகேட்ல யாரோ கை வச்சிருக்காங்க. கியூஆர் கோட் வேலை செய்யல்ல. திருத்தின ஆவணம்னு சிஸ்டம் காட்டுது."

"கை வைக்கல்லங்க, சீல்தான் வச்சிருக்கோம்."

"யாரு வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல. எப்பவும் வைக்கிறதுதானே."

வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது, அதற்குள் மூலக் கோப்பு வராவிட்டால் என் கிரெடிட் தள்ளுபடியாகும், கண்டி வகுப்பில்தான் சேர வேண்டிவரும் என்றார்.

"சீல் இல்லாமலா அனுப்புறது?"

"இல்லாமத்தான் மிஸ்."

"ஒரு கையெழுத்தாவது?"

"ஐயோ மிஸ், நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வேணும்."

ஒன்றும் செய்யாமல் அனுப்பினேன். வாழ்நாளில் அவ்வளவு பயத்தோடு எந்தத் தாளையும் அனுப்பியதில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட நீதவான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீல் வேணாங்குறாங்கன்னா அது என்ன யுனிவர்சிட்டி டீச்சர்? நல்லா விசாரிச்சுத்தான் சேர்ந்தீங்களா?"

சனிக்கிழமை பதில் வந்தது. கிரெடிட் ஏற்கப்பட்டது, பட்டத்துக்கான தகுதிகள் பூர்த்தியாகிவிட்டன என்று இருந்தது. அடியில் இன்னொரு வரி: இது கணினியால் தயாரிக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை. நிலையத்தில் நின்றே திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருடப் படிப்புக்கு முடிவு சொல்லும் கடிதத்தில் ஒரு மனிதனாவது பேனாவை வைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "என்ன, பட்டம் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுன்னு போட்டிருக்கு" என்றேன்.