இரும்புக் கட்டடமும் இளையவளின் வளவும்

சென்ற வாரம் எங்கள் வீட்டை ஒட்டிய எங்கள் வெற்று வளவில் கம்பனி ஆள் ஒருவர் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி அளவெடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே கேள்விக் கொப்பியும் கையுமாகத் திரிந்தேன்.

நெல் வைக்க இரும்புக் கட்டடம் வாங்கப்போகிறேன். தூண், கூரை எல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து, லொறியில் கொண்டுவந்து, போல்ட் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு போகம் மழையில் நெல்லை நனையவிட்டவனுக்கு வேறு வழி?

வாங்குமுன் விசாரிக்க வேண்டாமா? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் ஒரு தாளைப் பார்த்து அறிவதை நான் பத்து ஊர் திரிந்துதான் அறிய வேண்டும். திரிந்தேன். கோமாரியில் ஒரு மீன்வாடிக் கொட்டகை… கடல் உப்புக்கு போல்ட்டுகள் பிஸ்கட் மாதிரி உதிர்கின்றன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திருக்கோவிலில் மரம் விற்கும் ஒரு மரக்காலை. கூரைத் தகடு மெல்லிசு. "காத்தடிச்சா எங்கட கூர கதைக்கும் தம்பி" என்றார் முதலாளி. மாவடிப்பள்ளியில் ஒருவர் வாசலை உயரம் குறைத்து வைத்துவிட்டார். லொறி உள்ளே போகாது. மூடைகளை வெளியே இறக்கி, மழையில் நனைத்து, பிறகு பத்திரமாக உள்ளே அடுக்குகிறார்!

நாலு மாதத்தில் கொப்பியில் கேள்விகள் நாற்பத்தொன்றாகிவிட்டன.

"மூத்தவளுக்கு மாப்பிள பாக்கக்குள்ள ரெண்டு கேள்விதான் கேட்டீங்க. இரும்புக்கு நாப்பத்தொண்டா?" என்றாள் மனைவி.

அளவெடுக்க வந்தவர் பொறுமைசாலி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர், அண்ணன் முறை வைத்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"காணி ஆர்ர பேர்ல காக்கா? உறுதிப் பத்திரத்திர கொப்பி ஒண்டு வேணும்."

கொப்பியைப் புரட்டினேன்… நாற்பத்தொன்றில் இந்தக் கேள்வி இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தானே? நான் இருப்பதே மனைவியின் வீட்டில். மூத்த மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இந்த வளவு இளையவளுக்கு. அவள் நடக்கப் பழகுமுன்பே அவள் பெயரில் எழுதி வைத்தவன் நான்தான்! உப்பை விசாரித்தேன், காற்றை விசாரித்தேன். காணிக்காரியை விசாரிக்கவில்லை.

"நாளைக்கு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் பார்த்த என் வாப்பாவின் நெல் ஸ்டோர் ஞாபகம் வந்தது.

மரத்தூண், தகரக் கூரை. அறுவடை முடிந்தால் கூரை தொடுமளவுக்கு மூடை. நானும் என் அக்கா ராத்தாவும் உச்சியில் ஏறிப் படுத்துக்கொள்வோம். புது நெல்லின் சூடு முதுகில் ஏறும். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் கிடப்பவர் கதைப்பதே கேட்காது. அதனால் இரகசியங்களை எல்லாம் மழைக்காக வைத்திருந்து, கத்திக் கத்திச் சொல்லிக்கொள்வோம். "மூட சரியப்போகுது, எறங்குங்க ரெண்டு பேரும்!" என்று வாப்பா கீழே நின்று அதட்டுவார், சிரித்துக்கொண்டே.

அந்த ஸ்டோர் நின்றது ராத்தாவுக்கு என்று வைத்த வளவில்.

அவளுக்குக் கலியாணம் சரிவந்தது. வீடு கட்ட வேண்டும். ஸ்டோரை உடைத்தார்கள். ஆணி அடித்த மரம், கழற்றக் கழற்றப் பிளந்தது. தகரமெல்லாம் ஓட்டை. வாப்பா அதன் பிறகு ஸ்டோர் கட்டவே இல்லை. வெட்டிய நெல்லைக் களத்திலேயே, கேட்ட விலைக்குக் கொடுத்தார்.

பின்னேரம் ராத்தாவுக்குப் போன் கோல் எடுத்தேன்.

"ஒடைச்ச சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கிடா" என்றாள். "ஸ்டோர் நிக்கட்டும், பக்கத்தில சின்னதா வீட்டக் கட்டினாக் காணும் எண்டு சொல்லத்தான் நிண்டன். ஆரு என்னக் கேட்ட? கலியாணப் பொண்ணுக்கிட்ட உடுப்பு நெறம் மட்டும்தான் கேட்டாங்க."

இத்தனை வருடமாக எனக்கு இது தெரியாது. நானும் கேட்டதில்லையே…

மறுநாள் காலை, அளவெடுப்பவர் வந்ததும் இளைய மகளை வளவுக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றால்? இந்தப் போகமும் மழைக்குத்தான்.

"மகள், இது ஒங்கட வளவு. வாப்பா இதில ஸ்டோர் ஒண்டு போடவா?"

"நாலு மாசம் ஊரெல்லாம் சுத்திட்டு இப்பதான் என்ட ஞாபகம் வந்திரிக்கி" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, வளவை ஒரு சுற்று நடந்தாள். குனிந்து முன்னால் இருந்த இரண்டு முளைகளைப் பிடுங்கி, பத்தடி பின்னால் குத்தினாள்.

"இதுக்கு அங்கால போடுங்க. இஞ்சால எனக்கு வேணும்."

"மறுகா வீடு கட்டக்குள்ள ஒங்களுக்கு எடம் காணாட்டி?" என்றேன்.

அளவெடுப்பவர் குறுக்கே வந்தார். "போல்ட்டுதானே காக்கா, இரும்பு கழண்டு வரும். கீழ போட்ட கொங்கிரீட்டுத்தான் வராது."

"கொங்கிரீட்டு கெடக்கட்டும். நான் கார் நிப்பாட்டுவன்" என்றாள் மகள். வீட்டில் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்! "கதவ மட்டும் ஒழுங்க ரோட்டுப் பக்கம் வைங்க வாப்பா. லொறித் தூசி என்ட குசினிக்குள்ள வரப்படாது."

கட்டடம் பத்தடி சிறுத்தது. கதவு ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. கட்டடத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டேன்.

ஒரு கல்கூட வைக்காத வளவில் தான் சமைக்கப்போகும் குசினி எங்கே வரும் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது… நாலு மாதம் விசாரித்த எனக்குத்தான் தெரியவில்லை!