மஞ்சள் கோட்டைத் தாண்டிய மங்களம்

ஜெலாப்பாங்கில் கார்களுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் தொழிற்சாலை. நான் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். மங்களம் அக்கா ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸில் நிற்பவர். பதினேழு வருசம். அதற்கு முன் சிலிம் ரிவர் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகை. என் வண்டியில் போகும் ரப்பர் ஷீட்டைப் பார்த்தே, "வெள்ளைப் புள்ளி இருக்கு, ஈரம் காயல" என்பார். ஈரம் இருந்தால் புஷ்ஷில் குமிழ் விழும்.

முன்பெல்லாம் பத்து மணிக்கு எல்லாருக்கும் ஒரே டீ மேசை. அக்கா ஈரத்தைச் சொல்வார். கலவைப் பகுதி ரோஸ்னா கூடுதல் நேரம் அரைப்பார். அச்சு வெட்டும் ஆ கியோங், காற்று வெளியேற அச்சில் முடியளவு கோடு கீறுவார். எல்லாம் மலாய்ப் பேச்சில், அக்காவின் நெத்திலி சம்பலுக்கு அடித்துக்கொண்டே. மூன்று மழைக்காலம் குமிழே இல்லை. எந்தப் பட்டதாரி கண்டுபிடித்தான் இதை?

புது மேனேஜர் ரதீசன் வந்தார். பகுதிக்கு ஒரு டீ நேரம். பகுதிகளுக்கு நடுவே தரையில் மஞ்சள் கோடு; தாண்டினால் எச்சரிக்கைக் கடிதம். சுவரில் 'புத்தாக்கம்' என்று பேனர், கீழே யோசனைப் பெட்டி.

புது மாடல் காருக்குப் புது அச்சு வந்தது. குமிழும் வந்தது. பழி அக்கா மேல், இரண்டு கடிதம். மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

"சார், ஆ கியோங்க ரெண்டு நிமிசம் வரச் சொல்லுங்க. அச்சுல காத்து நிக்குது."

"ஐடியா இருந்தா எழுதிப் பெட்டியில போடுங்க."

"எழுத வராது சார்."

அக்கா குமிழ் விழுந்த புஷ்ஷையே பெட்டியில் போட்டார். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தவர்கள் குப்பை என்று கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை, கையில் புஷ்ஷோடு அக்கா கோட்டைத் தாண்டினார்.

"அக்கா, வேலை போயிடும்!"

"போனா போகட்டும்லா மாயாண்டி. கெட்ட சாமான் செஞ்சவள்னு பேரோட நான் போக மாட்டேன்."

அக்காவை மலாயில் 'காக்' என்று கூப்பிடும் ஆ கியோங் கத்தினார்: "எங்க போன, காக்? சம்பல் இல்லாம நாக்கு செத்துப்போச்சு!"

குமிழ் எங்கே நிற்கிறது என்று அக்கா விரலால் காட்டினார். ஆ கியோங் அச்சில் அங்கே கோடு கீறினார். இருபது நிமிசம். மதியம் பிரஸ்ஸிலிருந்து வந்த புஷ் தட்டில் ஒரு குமிழ் இல்லை. ரதீசன் அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, பேனர் முன்னால் படம் எடுத்துக்கொண்டார். வெட்கம் கெட்ட வேலை.

நாலு மணிக்கு அக்காவுக்கு மூன்றாவது கடிதம் வந்தது.

"காரணம் என்ன போட்டிருக்கு? வாசி."

"கோடு தாண்டுனதுக்கு."

"குமிழ்னு இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப சரி."

கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்பல் டப்பாவை என் வண்டியில் வைத்தார்.

"ஆ கியோங்கிட்ட குடுத்துடு. உன் வண்டி கோட்டத் தாண்டலாம்ல?"